இரத்தத் தட்டணுக்களின் வரலாறு

மழைக்காலம் தொடங்கியதும் நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். வீட்டில் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் வருகிறது. இரத்தத்தைச் சோதிக்கின்றனர். 'தட்டணுக்கள் குறைந்துவிட்டன' என்ற செய்தி வருகிறது. முதல் நாள் ஒரு லட்சம் என்றும், மறுநாள் அறுபதாயிரம் என்றும், அதற்கு மறுநாள் நாற்பதாயிரம் என்றும் எண் இறங்க இறங்க, குடும்பத்தாரின் அச்சம் ஏறிக்கொண்டே போகிறது. உற்றாரும் நண்பரும் இரத்தம் கொடுப்போரைத் தேடி நாலாபுறமும் ஓடுகின்றனர். இந்த அச்சம் எவ்வளவு தூரம் நியாயமானது? எந்த நிலையில் நாம் கவலை கொள்ள வேண்டும்? எந்த நிலையில் பொறுமையாக இருக்கலாம்? இவ்வினாக்களுக்கு விடை வேண்டுமாயின், தட்டணுக்களைப் பற்றிய அறிவு மனிதனுக்கு எவ்வாறு படிப்படியாகக் கிட்டியது என்னும் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நலம். அந்த வரலாற்றின் ஒவ்வொரு கட்டமும் நமக்கு ஒரு பாடத்தை வைத்துச் சென்றிருக்கிறது.

முதலில், தட்டணு என்பது யாது என்று பார்ப்போம். நம் இரத்தத்தில் மூவகை அணுக்கள் மிதக்கின்றன. உயிர்வளியைச் சுமந்து செல்பவை சிவப்பணுக்கள். நோய்க் கிருமிகளோடு போரிடுபவை வெள்ளையணுக்கள். மூன்றாவது வகை, இவ்விரண்டையும்விட மிகச் சிறியனவாகிய தட்டணுக்கள். இவற்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கேயாகும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், நல்ல உடல்நலம் உள்ளவருக்கு, ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும். இரத்தக் குழாயில் எங்கேனும் கீறல் ஏற்பட்டால், இவை விரைந்து சென்று அவ்விடத்தில் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, உடைந்த கரையை மண் மூட்டை இட்டு அடைப்பதுபோல் அடைத்துவிடுகின்றன. அதன் பின்னரே இரத்தம் உறைந்து அந்த அடைப்பை உறுதியாக்குகிறது. ஒரு தட்டணுவின் ஆயுள் எட்டு முதல் பத்து நாட்களே. ஆகவே நம் உடல் ஒவ்வொரு நாளும் சுமார் பதினாயிரம் கோடித் தட்டணுக்களைப் புதிதாக ஆக்கிக்கொண்டே இருக்கிறது.

தட்டணுவைக் கண்ணால் காண்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அது குறைவதால் வரும் நோயை மருத்துவர்கள் கண்டிருந்தனர். கடுமையான கொள்ளைக் காய்ச்சல்களில் தோலின்மீது செந்நீலப் புள்ளிகள் தோன்றுவதைப் பண்டைய கிரேக்க மருத்துவர்களே குறித்து வைத்துள்ளனர். ஆயினும், காய்ச்சல் ஏதும் இன்றியே இப்புள்ளிகள் தோன்றுவதுண்டு என்பதும், அது தனியொரு நோய் என்பதும் மெல்ல மெல்லவே தெளிவாயிற்று. ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் வாழ்ந்த பால் காட்லீப் வெர்ல்ஹாஃப் என்னும் மருத்துவர் 1735ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக விவரித்தார். நல்ல உடற்கட்டுள்ள ஓர் இளம் பெண்ணுக்குத் திடீரென மூக்கிலிருந்து இரத்தம் பெருகியது. வாந்தியிலும் இரத்தம் வந்தது. உடலெங்கும் புள்ளிகள் தோன்றின. பின்னர் அப்பெண் குணமடைந்தாள். நெடுங்காலம் இந்நோய் வெர்ல்ஹாஃபின் பெயராலேயே வழங்கிற்று. நோயின் தோற்றத்தை அவர் கண்டார். காரணத்தை அவரால் காண இயலவில்லை. காண்பதற்குரிய கருவி செம்மையுறுவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தம் நுண்பெருக்கியின் வழியே 1674ஆம் ஆண்டிலேயே சிவப்பணுக்களைக் கண்டுவிட்டார். அப்படியிருக்க, தட்டணு மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் மறைந்திருந்தது ஏன்? அதன் சிறுமை ஒரு காரணம். மற்றொரு காரணம் அதன் இயல்பு. இரத்தம் குழாயை விட்டு வெளியே வந்த சில விநாடிகளுக்குள் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு உருமாறிப் போகின்றன. எந்தக் குணம் நம் உயிரைக் காக்கிறதோ, அதே குணம் ஆராய்வோர் கண்ணிலிருந்து அவற்றை மறைத்தது. 1842ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஆல்ஃப்ரெட் டோனே இரத்தத்தில் மிகச் சிறிய உருண்டைகளைக் கண்டார். 1865இல் ஜெர்மானியப் பேராசிரியர் மாக்ஸ் ஷுல்ட்ஸே, இத்தகைய துணுக்குகள் நல்ல உடல்நலம் உள்ளோரின் இரத்தத்திலும் இருக்கின்றன என எழுதினார். இவை இரத்தத்தின் உறுப்பா, உடைந்த அணுக்களின் எச்சமா, அல்லது வெளியிலிருந்து வந்த கிருமியா என்ற ஐயம் நீங்கவில்லை.

கனடாவிலிருந்து லண்டனுக்குக் கற்கச் சென்றிருந்த வில்லியம் ஆஸ்லர் என்னும் இளைஞர் இந்த ஐயத்தின் ஒரு பகுதியைத் தீர்த்தார். இவரே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மருத்துவ ஆசிரியராக விளங்கியவர். வெளியே எடுத்த இரத்தத்தில் கூட்டங்கூட்டமாகத் திரண்டிருக்கும் இத்துணுக்குகள், எலியின் உடலிலுள்ள இரத்தக் குழாய்க்குள் தனித்தனியே மிதந்து செல்வதை அவர் கண்டு, 1874இல் வெளியிட்டார். ஆகவே, திரண்டு நிற்பது அவற்றின் இயற்கை நிலையன்று. இரத்தம் வெளிவந்த பின் நேர்வது என்பது உறுதியாயிற்று. இந்த உண்மை இன்றைய சோதனைக் கூடத்துக்கும் பயன்படுவதைப் பின்னர்க் காண்போம்.

தட்டணுவுக்கு உரிய இடத்தையும் பெயரையும் அளித்தவர் இத்தாலி நாட்டு டூரின் நகரத்துப் பேராசிரியர் ஜூலியோ பிட்ஸோட்ஸெரோ ஆவார். 1882ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஆராய்ச்சி மிக எளியது, மிக நுட்பமானது. சீமைப் பெருச்சாளி, முயல் ஆகியவற்றின் குடலைப் பற்றியுள்ள மெல்லிய சவ்வினை நுண்பெருக்கியின்கீழ் விரித்து, உயிருள்ள குழாய்க்குள் ஓடும் இரத்தத்தையே அவர் நேராகப் பார்த்தார். பின்னர் அக்குழாயின் சுவரை ஓரிடத்தில் சிறிது சிதைத்தார். எல்லாவற்றுக்கும் முன்னதாக அங்கே வந்து ஒட்டியவை இச்சிறு துணுக்குகளே. வட்டமாகவும் தட்டையாகவும் இருந்தமையால் அவற்றுக்குச் 'சிறு தட்டு' என்று பொருள்படும் பெயரை அவர் சூட்டினார். நாம் வழங்கும் தட்டணு என்னும் சொல்லும் அதே கருத்தில் அமைந்ததே. பாரிஸில் ஜார்ஜ் அயெம் என்பவர் 1878ஆம் ஆண்டிலேயே இவற்றை எண்ணும் முயற்சியில் வெற்றி கண்டிருந்தார். ஆனால் இவை வளர்ந்து சிவப்பணுக்களாக மாறும் எனக் கருதியது அவருடைய பிழை.

ஒருபுறம் வெர்ல்ஹாஃப் கண்ட நோய். மறுபுறம் பிட்ஸோட்ஸெரோ கண்ட தட்டணு. 1880களில் இவ்விரு ஓடைகளும் ஒன்று கலந்தன. செந்நீலப் புள்ளி நோயால் துன்புறுவோரின் இரத்தத்தில் தட்டணுக்கள் மிகக் குறைந்திருப்பதை ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் எடுத்துக் காட்டினர். 1906இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஜேம்ஸ் ஹோமர் ரைட், தட்டணுக்கள் பிறக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். எலும்பு மஜ்ஜையில் மிகப் பெரிய அணுக்கள் சில உண்டு. அவற்றின் விளிம்பிலிருந்து நீளும் இழைகள் துண்டு துண்டாகப் பிரிந்து தட்டணுக்களாகின்றன என்பதை, இரண்டிலும் ஒரே விதமாக நிறம் ஏறும் சாயத்தைக் கொண்டு அவர் நிறுவினார். இதில் ஒரு வியப்பு உண்டு. அந்தப் பெரிய அணுக்களை 1869ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதியவர் பிட்ஸோட்ஸெரோதான். தாயையும் கண்டார், சேயையும் கண்டார். இருவருக்கும் உள்ள உறவை மட்டும் அவர் அறியவில்லை.

1910ஆம் ஆண்டில் வில்லியம் டியூக் என்னும் அமெரிக்க மருத்துவர், காது மடலில் சிறிது கீறி, இரத்தம் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் முறையைப் புகுத்தினார். தட்டணு குறைந்தவர்களுக்கு இந்த நேரம் மிக நீண்டிருந்தது. பிறர் இரத்தத்தைச் செலுத்தியதும் அது குறுகியது, பெருக்கும் நின்றது. சில நாட்கள் சென்றதும் பழைய நிலை திரும்பிற்று. கொடுத்த தட்டணுக்கள் உயிரோடு இருந்த வரைக்குமே உதவின என்பது புலனாயிற்று.

அடுத்து எழுந்த கேள்வி, தட்டணு ஏன் குறைகிறது என்பது. மஜ்ஜையில் பிறப்பது குறைவா? அல்லது பிறந்தபின் எங்கேனும் அழிகின்றனவா? 1916ஆம் ஆண்டில் பிராக் நகரத்தில் மருத்துவ மாணவராக இருந்த பால் காட்ஸ்நெல்ஸன், மண்ணீரலே அவற்றை அழிக்கிறது எனக் கருதி, அதனை அகற்றிப் பார்க்குமாறு தம் ஆசிரியரிடம் கூறினார். அறுவைச் சிகிச்சை நடந்தது. நோயாளிப் பெண்ணின் தட்டணுக்கள் மளமளவென்று உயர்ந்தன. ஒரு மாணவரின் யோசனை உலகெங்கும் கையாளப்படும் சிகிச்சையாயிற்று.

மண்ணீரல் அழிக்கிறதென்றால், எதற்காக அழிக்கிறது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் தம் உயிரையே பணயம் வைத்தார். 1950ஆம் ஆண்டில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பணியாற்றிய இளம் மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன், இந்நோயுற்ற ஒருவரின் இரத்தத்தை அரை லிட்டர் அளவுக்குத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய தட்டணுக்கள் அபாய அளவுக்கு இறங்கின, தோலில் புள்ளிகள் தோன்றின, வலிப்பும் கண்டது. சில நாட்கள் கழித்தே அவர் பழைய நிலையை அடைந்தார். இதனால் நிறுவப்பட்ட உண்மை பெரிது. நோயாளியின் இரத்த நீரில் தட்டணுக்களைத் தாக்கும் ஒரு பொருள் இருக்கிறது. பகைவரை எதிர்க்க வேண்டிய உடற்காப்புச் சக்தி, ஆளறியாமல் சொந்தத் தட்டணுக்களையே குறிவைக்கிறது. அக்குறியைத் தாங்கிய தட்டணுக்களைத்தான் மண்ணீரல் விழுங்குகிறது. இவ்வுண்மை 1951இல் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கார்ட்டிஸோன் இன மருந்துகள் பயன்பட்டன. 1981இல் சுவிட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்தில் பால் இம்பாக் என்பவர், மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினைக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பயன் கண்டார். தட்டணு ஆக்கத்தைத் தூண்டும் மருந்துகள் 2008இல் வழக்கத்துக்கு வந்தன. இந்நோயுற்ற குழந்தைகளிற் பெரும்பாலோர் சில மாதங்களில் தாமாகவே குணமடைகின்றனர் என்பதும் இன்று தெளிவாகத் தெரிந்த செய்தி.

இனி, எண்ணுக்கும் அபாயத்துக்கும் உள்ள தொடர்பைக் கவனிப்போம். 1962ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த கேடோஸ், ஃப்ரைரைக், மாண்டெல் ஆகிய மூவர், இரத்தப் புற்றுநோயுற்றோரிடம் நாள்தோறும் தட்டணுக்களை எண்ணி, யாருக்கு எப்போது இரத்தப் பெருக்கு ஏற்பட்டது என்று ஆராய்ந்தனர். 'இந்த எண்ணுக்கு மேல் பயமில்லை, கீழே போனால் பெருக்கு நிச்சயம்' என்று கூறத்தக்க எல்லைக் கோடு எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. எண் குறையக் குறைய அபாயம் சிறிது சிறிதாகக் கூடுகிறது. ஆயினும் கடும் பெருக்கு, 20,000க்கு மேல் இருந்தபோது அரிதாகவே நேர்ந்தது. மஜ்ஜை ஓய்ந்த நோயாளிக்குப் பெருக்கு வருமுன்பே தட்டணுக்களைச் செலுத்தும் வழக்கம் இதிலிருந்து வளர்ந்தது. 1997இல் இத்தாலியில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, நிலை சீராக உள்ளவர்களுக்கு 10,000 வரையிலும் காத்திருக்கலாம் என்று காட்டிற்று. இந்த எண்கள் மஜ்ஜையின் ஆக்கம் நின்றுபோனவர்களுக்காகக் கணக்கிடப்பட்டவை என்பதை நாம் மறத்தலாகாது. ஏனெனில் நம் நாட்டில் பெரும்பாலோர் தட்டணு என்ற சொல்லைக் கேள்விப்படுவது வேறொரு நோயின் வாயிலாகவே.

அந்நோய் டெங்கு. ஏடிஸ் என்னும் கொசுவினால் பரவும் இக்காய்ச்சல், 1950களில் மணிலாவிலும் பாங்காக்கிலும் குழந்தைகளிடையே இரத்தப் பெருக்கும் மயக்கமும் கூடிய புதிய உருவத்தில் தோன்றிற்று. 1963இல் கல்கத்தாவை அது தாக்கியது. 1996ஆம் ஆண்டில் டில்லியில் 10,252 பேர் நோயுற்றதாகவும் 423 பேர் மாண்டதாகவும் பதிவாயிற்று. அந்தக் கொடுமையான மழைக்காலத்தில்தான் தட்டணு என்ற சொல் வடநாட்டு மக்களின் அன்றாடப் பேச்சில் இடம்பெற்றது. அதனோடு, தட்டணு குறைவதுதான் மனிதரைக் கொல்கிறது என்ற எண்ணமும் ஊன்றிவிட்டது.

உண்மை அதுவன்று. பாங்காக் குழந்தை மருத்துவர்கள் பல்லாண்டுகள் உழைத்து நிறுவிய செய்தி இது: கடும் டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இரத்தக் குழாய்களிலிருந்து இரத்த நீர் கசிந்து வெளியேறுவதே. நீர் கசிய இரத்தம் கெட்டியாகிறது, நாடி தளர்கிறது, கை கால் சில்லிடுகின்றன, தக்க அளவில் நீர்மம் செலுத்தப்படாவிட்டால் உயிருக்கு ஆபத்து. இது நிகழும் வேளை, காய்ச்சல் தணிந்து 'இனி நலமே' என்று நாம் மகிழும் வேளை. அதாவது நோய் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையில். தட்டணு விரைந்து குறைவது, அந்தக் கட்டம் நெருங்குகிறது என்று அடிக்கப்படும் மணி. மணியோசையை நிறுத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடாது. கட்டம் கடந்ததும் தட்டணுக்கள் தாமே ஏறுகின்றன.

இதனைச் சோதித்தும் பார்த்தாயிற்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கி, கடும் இரத்தப் பெருக்கு இல்லாதிருந்த 372 டெங்கு நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தட்டணுக்களைச் செலுத்தினர், மற்றவர்களுக்குச் செலுத்தவில்லை. 2017இல் முடிவு வெளிவந்தது. செலுத்தியதால் பெருக்கு குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கப்படவில்லை. ஒவ்வாமை முதலிய தீய விளைவுகளே அப்பிரிவில் மிகுந்திருந்தன.

எண்ணிக்கையே பொய் சொல்வதும் உண்டு. ஆஸ்லர் கண்டதுபோல், வெளியே வந்த தட்டணுக்கள் திரளும் இயல்புடையவை. அதைத் தடுக்கக் குப்பியில் இடும் மருந்தே, சிலருடைய இரத்தத்தில் திரட்சியை உண்டாக்கிவிடுகிறது. எண்ணும் இயந்திரம் ஒரு திரளைத் தட்டணுவாகக் கணக்கிடாமல் விட்டுவிட, விடை மிகக் குறைவாக வருகிறது. வேறொரு செய்தியும் உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த உடல்நலமுள்ள இரத்த தானிகள் பலருக்கு இயற்கையாகவே தட்டணு எண்ணிக்கை குறைந்தும், அவற்றின் உருவம் பெருத்தும் இருப்பதை வேலூர் மருத்துவர்கள் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இவர்களுக்கு இரத்தப் பெருக்கும் இல்லை, நோயும் இல்லை. எனவே, எவ்வித அறிகுறியும் இல்லாதவருக்குக் குறைந்த எண் வந்தால், ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்பெருக்கியின்கீழ்க் கண்ணால் பார்த்து உறுதி செய்வதே முதற்கடமை. இயந்திரங்கள் பெருகிய இந்நாளிலும் பிட்ஸோட்ஸெரோவின் முறைக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

இவ்வரலாறு முழுவதிலிருந்தும் நாம் கைக்கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவோம். தட்டணு ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பின், அதனால் மட்டும் இரத்தப் பெருக்கு வருவதில்லை; காரணத்தை நிதானமாக ஆராயலாம். 50,000க்கு மேல் இருப்பவர் பெரும்பாலும் தம் அன்றாட வாழ்வை நடத்தலாம். 20,000க்கும் 50,000க்கும் இடையில், சிறு அடிக்கும் கன்றிப் போகக்கூடும். மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். 20,000க்குக் கீழே இறங்கினால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். 10,000க்குக் கீழே மருத்துவமனையே தக்க இடம்.

எண் எதுவாயினும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய அறிகுறிகள் உண்டு. ஈறிலோ மூக்கிலோ நிற்காத இரத்தம், கருநிற மலம், சிறுநீரில் இரத்தம், கடுந்தலைவலி, அறிவு மயக்கம், காய்ச்சலோடு திடீரெனப் பரவும் செந்நீலப் புள்ளிகள் ஆகியவை அவை. டெங்குவில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, சில்லிட்ட கைகால் ஆகியவையும் இவற்றோடு சேரும். கருவுற்ற மகளிருக்கு இறுதி மாதங்களில் தட்டணு சிறிது குறைவது பெரும்பாலும் தீங்கற்றதே. ஆனால் இரத்த அழுத்தமும் கூடியிருந்தால் அது பேராபத்தின் குறி. தட்டணு குறைந்திருக்கும்போது ஆஸ்பிரின், இபுபுரூஃபென் போன்ற வலி மருந்துகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது; அவை எஞ்சியுள்ள தட்டணுக்களின் செயலையும் கெடுத்துவிடும்.

இரத்த வங்கிகளில் தட்டணுக்களைச் சாதாரணமாக ஐந்து நாட்களே சேமித்து வைக்க இயலும் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். அவை கடையில் வாங்கும் பொருளல்ல. யாரோ ஒருவர் உவந்து அளித்த இரத்தம். எண்ணைக் கண்டு நடுங்கித் தேவையின்றி நாம் செலுத்திக்கொள்ளும் ஒவ்வொரு பையும், அதே நகரத்தில் இரத்தப் புற்றுநோயோடு போராடும் ஒரு குழந்தைக்குக் கிட்டாமற் போகக்கூடும். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டவரின் அருகில் இருப்போர், 'இன்று எண் என்ன?' என்று கேட்பதோடு நில்லாமல், 'நாடி எப்படி, சிறுநீர் போகிறதா, வயிறு வலிக்கிறதா, எங்கேனும் இரத்தம் கசிகிறதா?' என்றும் கேட்டறியும் வழக்கத்தை மேற்கொண்டால், இத்தனை அறிஞர்கள் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் உழைத்துத் தேடிய அறிவு நம் வீடுகளுக்கும் பயன்பட்டதாகும்.